லிஸ்ட்டில் இல்லாத பாட்டு

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இதை முதல்லயே சொல்லிடறேன், பாதியில நீங்களா கண்டுபிடிச்சு என்னை ஒரு மாதிரி பார்க்க வேண்டாம். காலேஜ் ஆபீஸ்ல பக்கத்து மேஜைக்காரருக்கு ஃபேன் காத்து நேரா வருதுன்னு ஒரு கோடை முழுக்க அவரோட சரியாப் பேசாம இருந்தவன் நான். கேட்டா, வேலை பிஸின்னு சொல்லுவேன்.

எங்க கல்யாணத்துக்கு என் மச்சான் சிங்கப்பூர்லேருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டு வந்து தன் தங்கச்சிக்குப் பரிசாக் கொடுத்தான். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி, வெள்ளி கலர், மேல கைப்பிடி. எல்லாரும் சுத்தி நின்னு வாயைப் பொளந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுது. குடித்தனம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல இருக்கற ஒரே நல்ல சாமான் அவன் வாங்கினதுன்னு ஆயிடுச்சே. அந்தப் பெட்டியைத் துடைக்கறது, அதுக்கு ஒரு பூப்போட்ட உறை தைக்கறது, இதெல்லாம் என் வீட்டுக்காரி பண்றப்ப நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

எண்பதுகள் பாதி தாண்டின சமயம் அது. ஸ்ரீரங்கத்துல அடையவளஞ்சான் வீதியில ஒரு போர்ஷன்ல குடியிருந்தோம். அவ வையம்பட்டிப் பக்கம். அவங்க அப்பா வீட்டுல ரேடியோவே கிடையாது. திருவிழாவுல கட்டற குழாய் ஸ்பீக்கர்ல காத்து இந்தப் பக்கம் அடிச்சா பாட்டு, அந்தப் பக்கம் அடிச்சா இல்லை. அப்படிக் கேட்டே முந்நூறு நானூறு பாட்டு மனப்பாடம். பாதிப் பாட்டுக்கு நடுவுல வரி தெரியாது, அந்த இடத்துல காத்து வேற பக்கம் போயிருக்கும். அந்த விட்டுப்போன வரியெல்லாம் கேட்கணும்னு அவளுக்கு ஆசை.

எதிர் போர்ஷன்ல ஒரு பேங்க் ஆபீஸர். அவர் சம்சாரம் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். சாயங்காலம் கிணத்தடியில நின்னுக்கிட்டு அந்தப் பேரைக் கூப்பிட்டா தெரு முழுக்கக் கேட்கும். எனக்கு வயிறு எரியும். என் பேரும் ஒண்ணும் மோசமான பேர் இல்லை. ஆனா என் வீட்டுக்காரிக்கு அது வாயில வராது. எதிர்ல இருந்தா ‘என்னங்க’, இல்லாட்டா ‘அவரு’. பால்காரர்கிட்ட ‘அவரு வந்து தருவாரு’, அம்மாவுக்குக் கடுதாசியில ‘அவர் சௌக்கியம்’. ரேஷன் கார்டு எழுத வந்தவர் குடும்பத் தலைவர் பேரு என்னன்னு கேட்டதுக்கு, இவ எதிர் போர்ஷன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, நீங்க சொல்லுங்கக்கான்னுட்டா. அந்தம்மா பேரைச் சரியாச் சொல்லி இனிஷியலைத் தப்பாச் சொல்லிடுச்சு. அதைத் திருத்த நான் தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை அலைஞ்சேன். நாலு தடவையும் நெனச்சேன், ஒரு பேரைச் சொல்றதுல என்ன குறைஞ்சுபோகுது இவளுக்குன்னு.

சரி, கேசட் விஷயத்துக்கு வரேன். அப்பல்லாம் கடையில விக்கிற கேசட்ல நமக்குப் பிடிச்சது ரெண்டு இருக்கும், பிடிக்காதது பத்து இருக்கும். அதனால எல்லாரும் ரெக்கார்டிங் சென்டருக்குப் போவோம். வெத்துக் கேசட் ஒண்ணு வாங்கி, நமக்கு வேணுங்கற பாட்டை லிஸ்ட் எழுதிக் கொடுத்தா, கடைக்காரர் தன்கிட்ட இருக்கற இசைத்தட்டுலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பதிஞ்சு கொடுப்பார். அறுபது நிமிஷக் கேசட்ல சைடுக்கு ஆறு ஏழு பாட்டு. நம்ம கேசட், நம்ம விருப்பம். அது ஒரு பெரிய சுதந்திரம்னு தோணும்.

தெப்பக்குளத்துப் பக்கம், ஒரு ஜவுளிக்கடை மாடிப்படிக்கு அடியில, நான் போற சென்டர் இருந்துச்சு. ஒத்தை ஆள். என் வயசுதான் இருக்கும். எப்பவும் காதுல ஹெட்போன், எப்பவும் தேய்ச்ச சட்டை. மத்த கடையில லிஸ்ட் முடிஞ்சு டேப்புல மூணு நிமிஷம் மிச்சம் இருந்தா, ஏதாவது ஒரு பாட்டைப் பாதி போட்டு வெட்டிடுவாங்க, இல்லாட்டி வெறுமனே விட்டுடுவாங்க. இந்த ஆள் பாட்டை வெட்ட மாட்டான்னு பேரு. அதனாலதான் அங்க போனேன். பின்னாடி அதுக்காகவே என்னை நானே திட்டிக்கிட்டேன்.

முதல் லிஸ்ட்டை அவ ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து எழுதினா. எழுதி, அடிச்சு, திரும்ப நல்ல தாள்ல எழுதி, நாலா மடிச்சு கேசட் டப்பாக்குள்ள வச்சுக் கொடுத்தா. கொடுக்கறப்ப முகம் கொஞ்சம் செவந்திருந்த மாதிரி இருந்துச்சு. நான் பிரிச்சுப் படிக்கலை. படிக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை. பொண்டாட்டிக்குப் பிடிச்ச பாட்டு அவ சொந்த விஷயம், அதுல மூக்கை நுழைக்கறது நாகரிகம் இல்லைன்னு பெரிய இவனாட்டம் நெனச்சுக்கிட்டேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு, காவேரிப் பாலம் தாண்டி, கடைக்காரன்கிட்ட நீட்டினேன். அவன் தாளைப் பிரிச்சு மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சான். கடைசியில கொஞ்ச நேரம் நின்னு படிச்சான். அப்புறம் என்னைப் பார்க்காம, செவ்வாய்க்கிழமை வாங்க சார்னான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில கேசட்டைப் போட்டோம். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்தது இது, அடுத்தது இதுன்னு சொல்லிக்கிட்டு வந்தா. ரெண்டாம் சைடுல எல்லாம் முடிஞ்சப்புறம் இன்னொரு பாட்டு வந்துச்சு. ஒரு பெண் குரல், கூட ஒரே ஒரு புல்லாங்குழல், ரொம்பச் சின்னப் பாட்டு. டேப் தீர்றதுக்கும் பாட்டு தீர்றதுக்கும் சரியா இருந்துச்சு. இவ கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு வந்து பெட்டிக்கு முன்னாடி உட்கார்ந்துட்டா. இது லிஸ்ட்டுல இருந்துச்சான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினா. ஆட்டிட்டு என்னையே பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, கல்யாணம் ஆனதுலேருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்தது இல்லை.

“எப்படிங்க இவ்வளவு சரியா?” அப்படின்னா.

கடைக்காரன் எப்படி இவ்வளவு சரியாப் பிடிச்சான்னு கேட்கறாளாக்கும்னு நெனச்சேன். யாருக்குத் தெரியும்னு முணுமுணுத்துட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் வெங்காய அடை. எனக்கு ரொம்பப் பிடிச்சது. காரணம் கேட்காம நாலு தின்னேன்.

மாசத்துக்கு ஒரு கேசட்னு ஆச்சு. ரெண்டாவது கேசட்லயும் கடைசியில ஒரு பாட்டு. மூணாவதுலயும். ஒவ்வொண்ணும் லிஸ்ட்டுல இல்லாதது, ஒவ்வொண்ணும் அவ மனசுக்குள்ள கையை விட்டு எடுத்த மாதிரி இருக்கும். அவ காத்துல தவறவிட்ட பாட்டு ஒண்ணு, அதோட விட்டுப்போன வரி முழுசா, நாலாவது கேசட் கடைசியில வந்துச்சு. அன்னிக்கு அவ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. லிஸ்ட்டுல அவளே கேட்ட பன்னெண்டு பாட்டைப் பத்திப் பேச்சே இல்லை. கடைசிப் பாட்டுதான், கடைசிப் பாட்டுதான். பூக்கட்டறப்ப அது, துணி உலர்த்தறப்ப அது.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சொல்லவே அசிங்கமா இருக்கு, ஆனா சொல்றேன். நான் அவ கூட ஒரே வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியாத அவ மனசு, மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்திருக்கற, அவ மூஞ்சியையே பார்க்காத ஒருத்தனுக்கு எப்படித் தெரியும்? வெறும் லிஸ்ட்டைப் பார்த்து ஒருத்தியோட ரசனையைத் தெரிஞ்சுக்க முடியும்னா, மாசாமாசம் அந்தத் தாளைச் சுமந்துக்கிட்டுப் பஸ்ல போற நான் யாரு? தபால்காரனா?

இன்னொண்ணும் கவனிச்சேன். புதுக் கேசட் வந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் அவ என்கிட்ட வழக்கத்தைவிடப் பிரியமா இருந்தா. அடை நிச்சயம். காபியில டிகாஷன் ஒரு கரண்டி கூட. சட்டைப் பொத்தான் கேட்காமலே தைச்சிருக்கும். பொறாமை பிடிச்சவன் கண்ணுக்கு எல்லாமே சாட்சிதான். மனசுக்குள்ள குத்தம் இருக்கறதாலதான் இப்படிக் கவனிக்கறான்னு முடிவு கட்டிட்டேன். அடையைத் தின்னுக்கிட்டேதான் முடிவு கட்டினேன்.

கடையில போய் அவனை நோட்டம் விட்டேன். என்ன இருக்கு இவன்கிட்டன்னு. தொப்பை இல்லை, சரி. தலையில முடி என்னைவிட ஜாஸ்தி, சரி. இசைத்தட்டைத் தொடறப்ப ஓரத்தை மட்டும் ரெண்டு உள்ளங்கையால பிடிப்பான், விரல் படாது. நான் கடுதாசியைக்கூட அப்படிப் பிடிச்சது இல்லை. அதுக்கும் ஒரு எரிச்சல். கல்யாணம் ஆயிடுச்சான்னு சும்மா கேட்கற மாதிரி கேட்டேன். ஆயிடுச்சு சார், ரெண்டு குழந்தைங்கன்னான். அப்பவும் மனசு ஆறலை.

அந்தச் சமயத்துலதான் நுகர்வோர்னு ஒரு வார்த்தை ஊருக்குள்ள வந்திருந்துச்சு. புதுசா சட்டம் போட்டிருக்காங்க, காசு கொடுத்து வாங்கறவனுக்கு உரிமை இருக்கு, ஏமாத்தினா கேஸ் போடலாம்னு பேப்பர்ல எல்லாம் எழுதினாங்க. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லைப்ரரி ஹால்ல கூட்டம்னு நோட்டீஸ் பார்த்துப் போனேன். ஒரு வக்கீலம்மா பேசினாங்க. வாங்கறவனுக்குத் தேர்ந்தெடுக்கற உரிமை உண்டு, கேட்காததை அவன் தலையில கட்டக் கூடாதுன்னு அவங்க சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. கேட்காதது! அதானே என் கேஸ்! கேட்காத பாட்டை என் கேசட்ல போட இவன் யாரு?

ஆபீஸ் டைப்ரைட்டர்ல ஒரு புகார் அடிச்சேன். மேற்படி கடைக்காரர், பட்டியலில் இடம்பெறாத பாடல்களை வாடிக்கையாளரின் சம்மதமின்றித் தொடர்ந்து பதிவு செய்து, வாடிக்கையாளரின் சுய விருப்பத்தில் குறுக்கிட்டு வருகிறார், அப்படின்னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கம். அடிச்சு முடிச்சப்போ எனக்கே என் தமிழ்மேல ஒரு மரியாதை வந்துச்சு.

வக்கீலம்மா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. லிஸ்ட்டுல இருந்த பாட்டு ஏதாவது விட்டுப்போச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். டேப் சரியில்லையா? நல்லா இருக்கு. கூடுதலாப் பணம் கேட்டாரா? கேட்கலை.

“அப்ப உங்களுக்கு நஷ்டம்தான் என்னங்க?” அப்படின்னாங்க.

என்னத்தைச் சொல்றது? மன உளைச்சல்னேன். அவங்க சிரிப்பை அடக்கிக்கிட்டு இன்னொண்ணும் சொன்னாங்க. யாரோ பாடி யாரோ போட்ட இசைத்தட்டை இப்படிக் கேசட் கேசட்டா நகல் எடுத்து விக்கிறதே சட்டப்படி சரியான்னு தெரியாது, அந்தப் பாட்டுக்கு உரிமைக்காரங்க வேற இருக்காங்க, இதை எழுத்துல கொண்டுபோனா அந்த ஆளோட சேர்ந்து உங்க கேசட்டும் வெளியில வரும், எதுக்கு வம்பு, நேர்ல போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்கன்னாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா புகாரைக் கிழிக்க மனசு வரலை, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன்.

அப்ப ஏழு கேசட் ஆயிருந்துச்சு. எட்டாவது கேசட்டுக்கான லிஸ்ட்டோட ஒரு மத்தியானம் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. நான் நேரா ஆரம்பிச்சேன். லிஸ்ட்டுல இருக்கறதை மட்டும் போடணும், மேல ஒரு பாட்டுகூட வரக்கூடாது, யார் கேட்டாங்க உங்களை, நுகர்வோர் உரிமைன்னு ஒண்ணு இருக்கு தெரியுமான்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். அவன் ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டு நிதானமாக் கேட்டான். அப்புறம் சுவத்துல தொங்கின கம்பியிலேருந்து, குத்தி வச்சிருந்த பழைய லிஸ்ட்டுகளைத் தள்ளித் தள்ளி ஒரு தாளை உருவி என் கையில கொடுத்தான்.

“லிஸ்ட்லயே இருக்கே சார்” அப்படின்னான்.

அவ கையெழுத்து. குண்டு குண்டா, கோடு போட்ட மாதிரி நேரா. பன்னெண்டு பாட்டு. அதுக்குக் கீழ, கொஞ்சம் இடம் விட்டு, சின்ன எழுத்துல: ‘மீதி இடம் இருந்தால் அவர் விருப்பம்.’

அவர்! யாரோ என் காதுல ஓங்கி அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கடைக்காரர் விருப்பம்னு எழுதலை, உங்கள் இஷ்டம்னு எழுதலை. அவர். இந்தத் தேய்ச்ச சட்டைக்காரனை, பார்த்தே இராத இவனை, அவர்னு எழுதியிருக்கா. மத்த லிஸ்ட்டையும் கேட்டேன். ஒவ்வொண்ணா உருவிக் கொடுத்தான். எல்லாத்துலயும் கீழ அதே வரி. பையில இருந்த எட்டாவது லிஸ்ட்டை எடுத்து, என் கொள்கையைக் காத்துல விட்டுட்டுப் பிரிச்சேன். அதுலயும் அதே.

அவன் வேற வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சினான். “எனக்கே கூச்சமா இருந்துச்சு சார். யாரும் என்னை இவ்வளவு மரியாதையா எழுதினது கிடையாது. அதனாலதான் லிஸ்ட்டை நாலு தடவை படிச்சுட்டு, இதுக்குப் பொருத்தமா எது வரும்னு ரெண்டு நாள் யோசிச்சுப் போடுவேன்.”

ரெண்டு நாள் யோசிப்பானாம். நான் என்ன பேசினேன்னு முழுசா ஞாபகம் இல்லை. சத்தமாப் பேசினேன், ஜவுளிக்கடையிலேருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார், அது ஞாபகம் இருக்கு. அவன் இனிமே போடலை சார்னான். அதை எழுதி மாட்டணும்னேன். மாட்டறேன்னான். எட்டாவது லிஸ்ட்டோட அடியில இருந்த வரியை மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டு மீதியைக் கொடுத்துட்டு வந்தேன். நாலு நாள் கழிச்சுக் கேசட் வாங்கப் போனப்ப, வெள்ளை அட்டையில நல்ல கையெழுத்துல எழுதி மாட்டியிருந்தான்: லிஸ்ட்டில் உள்ள பாடல்கள் மட்டுமே பதிவு செய்யப்படும். ஊர்லயே நுகர்வோர் உரிமைக்காகப் போராடி ஒரு போர்டு வாங்கினவன் நான்தான்னு, பஸ்ல நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலை. அவ அடைக்கு அரைச்சு வச்சிருந்தா. ரெண்டாம் சைடுல கடைசிப் பாட்டு முடிஞ்சுது. அவ வந்து பெட்டிக்கு முன்னாடி உட்கார்ந்தா. உஸ்ஸுன்னு டேப் ஓடற சத்தம் மட்டும் வந்துச்சு. இப்ப வரும், இப்ப வரும்னு அவ உட்கார்ந்திருந்தா. மூணு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. டக்குன்னு பட்டன் தானா எழும்பி நின்னுச்சு.

“ஏங்க, இந்தத் தடவை கடைக்காரர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலையா?” அப்படின்னா.

நான் என்னத்தைச் சொல்லணும்னு கேட்டேன். கடைசிப் பாட்டுன்னா. அவ்வளவுதான், ஏழு மாசமா உள்ள கிடந்தது எல்லாம் வெளியில வந்துடுச்சு. சட்டைப் பையிலேருந்து அந்தக் கிழிச்ச துண்டை எடுத்து அவ முன்னாடி போட்டேன். அவர் விருப்பமாம், அவர், யாரு அந்த அவர், ஒரு ரெக்கார்டிங் கடைக்காரன் உனக்கு அவரான்னு கேட்டேன். எதிர் போர்ஷன்ல பாத்திரம் தேய்க்கற சத்தம் நின்னுபோச்சு.

அவ அந்தத் துண்டைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. அவளுக்குக் கோபம் வரலை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கலை. சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னா.

“நான் வேற யாரைங்க அவர்னு சொல்லுவேன்? உங்களைத்தான் எழுதினேன்.”

தரையில கிடந்த துண்டை இன்னொரு தரம் படிச்சேன்.

அவ நெனச்சிருந்தது இதுதான். லிஸ்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கறது நான். கடைக்காரர் படிச்சுட்டு, மீதி இடத்துக்கு உங்க விருப்பம் என்ன சார்னு என்கிட்ட கேட்பார். நான் அவ எழுதின பாட்டையெல்லாம் ஒருதரம் பார்த்து, அதுக்குப் பக்கத்துல உட்கார்ற மாதிரி ஒண்ணு சொல்லுவேன். உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்னு என்னை நேர்ல கேட்க அவளுக்குக் கூச்சம். நான்தான் பேப்பருக்குப் பின்னாடி இருப்பேனே. அதனால இப்படி எழுதிக் கேட்டிருக்கா. நானும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாம, மாசாமாசம் ஒரு பாட்டால பதில் சொல்றேன்னு நெனச்சிருக்கா. இவர் வெளியிலதான் இப்படி, உள்ள எவ்வளவு இருக்கு பாருன்னு அவங்க அம்மாவுக்குக்கூட எழுதினாளாம். அந்தச் சிரிப்பு, அந்த அடை, அந்தப் பொத்தான் எல்லாம் எனக்குத்தான் வந்திருக்கு. நான்தான் அதை வேற ஒருத்தன் கணக்குல வச்சு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

“அப்ப அந்த ஏழு பாட்டும் நீங்க சொன்னது இல்லையா?” அப்படின்னு கேட்டா.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமா, நான் சொன்னதுதான், இந்தத் தடவைதான் மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா தீர்ந்திருக்கும். ஆனா கத்தினது யாரு? கடைக்காரன் போட்டதுன்னு நானே ஊருக்குக் கேட்கற மாதிரி சொல்லியாச்சே. இல்லைன்னு தலையாட்டினேன். அவ அந்தத் துண்டைத் தரையிலேருந்து எடுத்து, சின்னதா மடிச்சு, கேசட் டப்பாக்குள்ள வச்சு மூடினா. துணி எடுக்கணும்னு கொல்லைப்பக்கம் போயிட்டா. அடை மாவு சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்துச்சு. சிரிச்சுடுவா, ரெண்டு நாள்ல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவ சிரிக்கலை. திட்டவும் இல்லை.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் லிஸ்ட்டே எழுதலை. மூணாவது மாசம் நானே ஒரு வெத்துக் கேசட் வாங்கிட்டு வந்து பெட்டிமேல வச்சேன். அவ எழுதிக் கொடுத்தா. பஸ்ல ஏறினதும் பிரிச்சேன், கொள்கையாவது ஒண்ணாவது. பன்னெண்டு பாட்டு. கீழ, இடம் விட்டு, அதே சின்ன எழுத்துல மீதி இடம் இருந்தால்னு எழுதி, அதுக்குப் பக்கத்துல என் பேர். இனிஷியலோட முழுப் பேர். சரியான இனிஷியல். அதுக்கப்புறம் விருப்பம்.

கல்யாணம் ஆனதுலேருந்து அவ என் பேரை எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிர் போர்ஷன்காரரைப் பார்த்து இதுக்குத்தானே இத்தனை நாள் வயிறு எரிஞ்சேன்? சந்தோஷமா இருந்திருக்கணும். ரேஷன் கார்டுல என் பேரைத் திருத்திக் கையில கொடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருந்துச்சு. தப்பு இல்லாம எழுதியிருக்கா, இனிமே யாருக்கும் குழப்பம் வராது.

கடைக்காரன் வழக்கம்போல மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சான். கடைசி வரியில நின்னான்.

“இது யாரு சார்?”

“நான்தான்.”

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் சுவத்துல இருந்த கம்பியை, அதுல குத்தியிருந்த பழைய தாள்களை ஒரு பார்வை பார்த்தான். புரிஞ்சுபோச்சு அவனுக்கு. அவன் முகம் சட்டுனு வாடிப்போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு, அத்தனை மாசமா அவனும் அந்த வார்த்தையைத் தன்னுதுன்னுதானே நெனச்சிருந்தான். அவன் பேனாவை எடுத்துக்கிட்டு, சொல்லுங்க சார், என்ன பாட்டுன்னான்.

நின்னேன். ஒண்ணும் வரலை. அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஏழு பாட்டுதான், அதுவும் இவன் கண்டுபிடிச்சது. வெக்கத்தை விட்டு, நீங்களே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்களேன்னேன். அவன் போர்டைக் கையால காட்டினான். குத்திக்காட்டற மாதிரி இல்லை, வருத்தமாத்தான் காட்டினான். லிஸ்ட்டுல இல்லாததை நான் போடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்கன்னான்.

கடைசியில எனக்குக் காலேஜ் நாள்ல பிடிச்ச ஒரு குத்துப் பாட்டைச் சொன்னேன். வாயில வந்தது அதுதான். அவன் லிஸ்ட்டைக் கணக்குப் பார்த்துச் சொன்னான், மிச்சம் மூணு நிமிஷம்தான் இருக்கும், இது நாலரை, வெட்டும்னு. பரவாயில்லைன்னேன். அந்த ஆள் வாழ்க்கையிலேயே வெட்டின ஒரே பாட்டு என்னுதாத்தான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை போட்டோம். அவ கடைசியில வந்து உட்கார்ந்தா, அதை மறக்கலை. தவில் சத்தமும் விசில் சத்தமுமா என் விருப்பம் வந்துச்சு. ஒரு சரணம் பாதியில இருக்கறப்ப டக்குன்னு நின்னுச்சு. அவ என்னைப் பார்த்து, நல்லாருக்குங்கன்னா. வீட்டுக்கு வந்த விருந்தாளி பாடினா சொல்ற மாதிரி மரியாதையாச் சொன்னா. எழுந்து போய் சாம்பாருக்குப் பருப்பை வேக வச்சா.

அதுக்கப்புறம் எவ்வளவோ வந்துடுச்சு. கே.கே. நகருக்குக் குடி மாறினோம், அந்த டூ-இன்-ஒன் பாழாப்போய் வேற வாங்கினோம், அதுவும் என் சம்பாத்தியத்துல வாங்கினேன். அவ என்னோட நல்லாத்தான் இருந்தா, குறை சொல்ல ஒண்ணும் இல்லை. அந்த ஏழு கேசட்டையும் அவ தூக்கிப் போடலை. எப்பவாவது ஒண்ணை எடுத்துப் போடுவா. கடைசிப் பாட்டு வர்றப்ப அடுப்பைக் குறைச்சுட்டு வந்து உட்காருவா, அதே பழைய சிரிப்பு வரும். நான் எதிர்லதான் இருப்பேன். அவ என் பக்கம் திரும்ப மாட்டா, பெட்டியையே பார்த்துச் சிரிப்பா. கடைக்காரன்மேல எனக்கு இருந்த எரிச்சல் எப்பவோ தீர்ந்துபோச்சு. அவ மனசு தெரிஞ்சு, வாயைத் திறக்காம, ஏழு மாசம் அவளுக்குப் பாட்டாலயே பதில் சொல்லிக்கிட்டு இருந்தாரே அந்த லிஸ்ட்டுல நான்னு அவ நெனச்ச ஒரு ‘அவர்’, அந்த ஆள் மேலதான் எனக்குப் பொறாமை இன்னும் தீரலை.